தகடு சும்மா கிடக்கட்டும்

இனிச் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் சொல்கிற வாய் வெந்துபோகட்டும். வாய்ச் சத்தியம் போதாது என்கிறவர்களுக்காக, உயர்தொழில்நுட்ப வெட்டுப் பயிற்சி நிலையத்தின் பெரிய கூடத்தில் பச்சைத் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் கணினிப் பிளாஸ்மா வெட்டு இயந்திரத்தின் மேல் ஆணையாகவும் சொல்லிவைக்கிறோம். அதைவிடப் பெரிய சத்தியம் அந்த வட்டாரத்தில் கிடையாது. நிலையத்தில் சேருகிற அத்தனை பேரும் அந்தத் தார்ப்பாயின் மேல் கை வைத்துத்தான் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள்.

கதைக்குரியவர் ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத்துக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது; அது சம்பள நாளன்று மட்டும் வெளியே வந்துவிட்டுப் போகும். மற்ற நாட்களில் பட்டறை முழுக்க அவர் ‘கிளாம்பு’. வாலிபத்தில் ஒருநாள், சரியாக இறுக்காத இரும்புத் துண்டு ஒன்று சுழல்கிற லேத்திலிருந்து கிளம்பி, அவர் காதுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போய், சுவர்க் கடிகாரத்தில் குடியேறியது. அதோடு கடிகாரம் நின்றது. ஆடுகிற பொருளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற சக்தி அவருக்கும் நின்றுபோனது. அன்றிலிருந்து தோள்பையில், பொருளைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு ஒன்று எப்போதும் கிடக்கும். வீட்டில் கட்டில் கால், அலமாரிக் கதவு, தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர் இறுக்கிய இறுக்கில் மூச்சுவிடாமல் நின்றன.

“கல்யாணத்தன்னிக்கு என் கையப் பிடிச்சப்பவே மூணு தடவை இறுக்கிப் பாத்தாரு” என்பாள் அவர் மனைவி. “நான் ஆசைன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, தொழில்னு.”

தலை நரைத்து, மூக்குக் கண்ணாடி இரண்டாம் முறை மாறியிருந்த காலத்தில், சின்ன முதலாளி ஒருநாள் அவர் லேத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பெரிய முதலாளி இருந்தவரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்காத பிள்ளை அவர். எழுந்து வந்ததுமே கிளாம்பு லேத்தை நிறுத்திவிட்டார்.

“அண்ணே, லேத்து ரெண்டையும் எடுத்துடப்போறோம்.”

“எடுத்து எங்க தம்பி வைக்கப்போறீங்க?”

“எங்கயும் வைக்கல, வித்தாச்சு. அந்த எடத்துல பிளாஸ்மா மெஷின் வருது. கம்ப்யூட்டர் சொல்லும், மெஷின் வெட்டும். ஆள் ஒருத்தர் போதும். நீங்களும் உங்க மச்சானும் பயிற்சிக்குப் போங்க. யாரு சான்றிதழோட வர்றீங்களோ அவங்களுக்கு வேலை.”

“ரெண்டு பேரும் கொண்டுவந்தா?”

“அப்ப பாத்துக்கலாம்ணே” என்றார் சின்ன முதலாளி. அந்த முகத்தைப் பார்த்தால் அப்படி ஒரு சங்கடம் வரும் என்று அவர் பயந்ததாகத் தெரியவில்லை.

மச்சான் என்றது மனைவியின் தம்பியை. அதே பட்டறையில் வெல்டர். ஆள் வாட்டசாட்டம், வாய் அதைவிட. விஷயம் வீட்டுக்கு வந்ததும் மனைவி புருஷனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எவன் ஜெயிச்சாலும் சரி. தோத்தவனுக்கும் சோறு இந்த அடுப்புலதான் பொங்கணும். அதனால ஒழுங்கா படிச்சுத் தொலைங்க ரெண்டு பேரும்.”

“மாமாவ ஜெயிக்க விட்டுடறேங்க்கா. பாவம், வயசாயிடுச்சு” என்றான் வெல்டர்.

“வாய இறுக்குடா” என்றார் கிளாம்பு.

பயிற்சி நிலையம் பெரிய கட்டடம். வாசலில் நுழைந்ததும் ஒரு பலகை: ‘விபத்தின்றிக் கடந்த நாட்கள்’. எண் பலகைக்குள் அடங்காமல் வளர்ந்துபோய், பக்கத்தில் ஒரு மரத்துண்டை ஆணியடித்து அதில் மீதியை எழுதியிருந்தார்கள். அதன் கீழே நின்றுதான் இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார்.

“அன்பர்களே! இந்த நிலையத்தின் இயந்திரம் இன்றுவரை ஒரு தகட்டைக்கூட வீணாக்கியதில்லை. ஒரு வெட்டுகூடக் கோணியதில்லை. மின்சாரச் சிக்கனத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை. நாட்டில் மற்ற நிலையங்களில் எல்லாம் இயந்திரத்தை ஓட்டி ஓட்டித் தேய்த்துவிட்டார்கள். நாம் தேய்க்கவில்லை. ஒரு பொருளைப் பயன்படுத்தாமல் பாதுகாப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது உங்களுக்குப் போகப் போகப் புரியும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். கிளாம்பு புரியாமல் தட்டினார். வெல்டர் மாமாவைப் பார்த்துத் தட்டினான்.

பெரிய கூடத்தின் நடுவில், வண்டி நிற்கிற அளவுக்குப் பெரிய ஏதோ ஒன்று, பச்சைத் தார்ப்பாய்க்குள் நின்றது. சுற்றிலும் கயிறு. கயிற்றில் ஒரு சிவப்பு நாடா. அது திறப்புவிழா நாடா. இயந்திரத்தை ஒரு பெரிய மனிதர் திறந்துவைத்த பிறகுதான் தார்ப்பாயை விலக்கலாம். பெரிய மனிதருக்குத் தேதி குறித்துக் கடிதம் போகும். தேதி வருவதற்குள் அந்தப் பெரிய மனிதர் சின்ன மனிதராகிவிடுவார். பிறகு அடுத்த பெரிய மனிதருக்குக் கடிதம் போகும். நாடாவை மட்டும் வருஷா வருஷம் புதிதாக மாற்றிவந்தார்கள்.

கிளாம்பு கயிற்றருகே போய் மூக்கை நீட்டிப் பார்த்தார். “எண்ணெ வாசனையே வரலியே சார். மெஷின்னா ஒரு வாசனை இருக்கணுமே?”

“புது மெஷின். வாசனைக்கு இன்னும் ஒதுக்கீடு வரல” என்றார் பயிற்றுநர்.

பயிற்றுநர் முன்பு இதே கட்டடத்தில் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர். தட்டச்சு இயந்திரங்கள் போனபோது, அவரை ஒரே உத்தரவில் பிளாஸ்மாவுக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல மனிதர். புத்தகத்தில் இருப்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொடுத்தார். மின்பொறி ஒன்று, அதன் ஊடே அழுத்தமாக ஊதும் காற்று, அந்தக் காற்றே கொதித்து நெருப்பையும் தாண்டிய ஒரு நிலைக்குப் போகும், அதுதான் பிளாஸ்மா. அதை உமிழ்கிற மூக்குக்கு டார்ச் என்று பெயர். டார்ச் தகட்டைத் தொடாது. தீக்குச்சி கனம் இடைவெளிவிட்டு மேலே மிதந்தபடி போகும். கீழே இரும்பு வெண்ணெய் மாதிரி வழிந்துவிடும்.

கிளாம்பு கையைத் தூக்கினார். “தகட்ட எப்படி சார் பிடிச்சிருப்பாங்க?”

“பிடிக்க மாட்டாங்க. கம்பிப் படுக்கை மேல வச்சிருப்பாங்க.”

“வச்சு, இறுக்குவாங்க?”

“இறுக்க மாட்டாங்க. டார்ச்தான் தொடறதே இல்லியே, அப்புறம் எதுக்கு இறுக்கணும்? தகடு சும்மா கிடக்கும்.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதான்.”

அன்று கிளாம்புக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருஷம் கற்றதில் ஒன்றுகூட உதவாது என்றிருந்தால் தாங்கியிருப்பார். எல்லாம் கற்ற கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

தார்ப்பாயை விலக்க முடியாத காரணத்தால், செய்முறைப் பயிற்சி தரையில் நடந்தது. கூடத்தின் மறுபக்கத்தில் சுண்ணக்கட்டியால் இயந்திரத்தை அதே அளவில் வரைந்திருந்தார்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் டார்ச்சாக இருப்பார்: கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கோலைத் தரையில் படாமல் பிடித்து, வரைந்த கோட்டோரமாக நடக்க வேண்டும். இன்னொருவர் மேசையில் உட்கார்ந்து கணினியை இயக்குவார். கணினியும் திறப்புவிழாவுக்குக் காத்திருந்தபடியால் ஓர் அட்டையில் விசைப்பலகையை வரைந்திருந்தார்கள். பயிற்றுநருக்கு இந்த இடத்தில் மட்டும் பழைய உற்சாகம் பொங்கும்.

“விரல் வளையட்டும்! மணிக்கட்டு தணியட்டும்! தட்டுங்க!”

கிளாம்பின் விரல் ஒன்று வரைந்த எழுத்து மூன்றை மூடியது. ஆனால் மனிதர் விடவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்கு அந்த வித்தை பிடிக்கத் தொடங்கியிருந்தது. வெட்டுகிற கோட்டின் கனத்துக்கு இரும்பு உருகிப் போய்விடும், அதனால் கோட்டின் மேலேயே போகாமல் ஒரு மயிரிழை வெளியே தள்ளிப் போக வேண்டும் என்று கேட்டபோது சிலிர்த்துக்கொண்டார். வெட்டைத் தகட்டின் வீணாகப்போகும் பக்கத்தில் தொடங்கி, துளை விழும்வரை ஒரு கணம் நின்று, வளைந்து கோட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதை வீட்டிலும் பயிற்சி செய்தார். தெருவிலிருந்து நேராக வாசலுக்கு வராமல், பக்கத்து வீட்டுச் சுவரோரம் ஒரு வளைவு எடுத்துவந்து, படிக்கு முன்னால் அசையாமல் நிற்பார்.

“என்ன நின்னுட்டீங்க? வழி மறந்துபோச்சா?” என்பாள் மனைவி.

“இரு. துளை விழட்டும்.”

“எனக்கு விழுந்திடுச்சு, நெஞ்சுல. உள்ள வாங்க.”

பயிற்சியின் முடிவில் சான்றிதழ் தரும் சமயம் நெருங்கியபோதுதான் நிலையத்துக்குப் பெரிய இடி விழுந்தது. மேலிடத்திலிருந்து ஆய்வாளர் அம்மா வருகிறார். இயந்திரம் ஓடுகிறதா இல்லையா என்று பார்ப்பார். ஓடவில்லை என்றால் நிலையத்தை இழுத்து மூடுவார்கள். அந்தமுறை பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சான்றிதழும் கிடையாது.

இயக்குநருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. “நண்பர்களே, பதற்றம் வேண்டாம். செய்முறை விளக்கம் ஒன்று காட்டுவோம். தத்ரூபமாக இருக்க வேண்டும். இந்தமுறை உண்மையான தகடு வைப்போம்!”

உண்மையான தகடு! பயிற்சிக்கு வந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நிலையம் தொடங்கியதிலிருந்து உள்ளே வந்த முதல் இரும்பு அதுதான். சுண்ணக்கோட்டுக்குள் இரும்புக் கம்பிகளைப் பரப்பி, அவற்றின் மேல் தகட்டைக் கிடத்தினார்கள். கோலைப் பிடித்து நேராக நடக்கிற உடம்பு என்பதால் வெல்டர் டார்ச். மேசையில் கிளாம்பு.

ஆய்வாளரை வரவேற்க எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். மேசையைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லியிருந்ததால், கிளாம்பு மட்டும் தகட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தார். கூரையில் மின்விசிறி சுற்றியது. அதன் காற்றுக்குத் தகட்டின் ஒரு மூலை ‘டக்... டக்...’ என்று ஆடியது. கிளாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘டக்’ என்றது. கண்ணை மூடிக்கொண்டார். ‘டக், டக்’ என்றது. தகடு சும்மா கிடக்கட்டும் என்று பயிற்றுநர் சொன்னது மண்டைக்குத் தெரிந்தது. கைக்கு யார் சொல்வது? அது தோள்பைக்குள் போய், வெளியே வந்து, மூலையைக் கம்பியோடு சேர்த்து மூன்று தடவை இறுக்கிவிட்டுத் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. மூக்கைச் சொறிந்ததை யாராவது நினைவில் வைத்துக்கொள்வார்களா? அவரும் அந்தக் கணமே மறந்துபோனார்.

ஆய்வாளர் அம்மா வந்தார். எதிலும் சாய்ந்து பழகாதவர் மாதிரி உட்கார்ந்தார். பயிற்றுநர் கொடி அசைத்தார். கிளாம்பு அட்டையில் விசையைத் தட்டினார். வெல்டர் கறுப்புக் கண்ணாடியும் காதடைப்புமாகக் கிளம்பினான். வீணாகும் பக்கத்தில் தொடங்கினான், ஒரு கணம் நின்றான், வளைந்து நுழைந்தான். கோல் தகட்டுக்கு மேலே தீக்குச்சி கனத்தில் மிதந்தது. ஆய்வாளர் அம்மாவே கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

அப்போதுதான் கிளாம்பு தன் கிளாம்பைப் பார்த்தார். மச்சானின் கால் நேராக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“நில்லுடா!” என்று கத்தினார். டார்ச்சுக்குக் காது கேட்காது. கேட்கக்கூடாது என்பதுதான் விதி. அட்டையின் ஓரத்தில் அவசர நிறுத்தத்துக்கு ஒரு சிவப்பு வட்டம் வரைந்திருந்தார்கள். பாதுகாப்புப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தபடி உள்ளங்கையால் அதை அடித்தார். டார்ச் நிற்கவில்லை. மறுபடி அடித்தார். இரண்டு கையாலும் அடித்தார். அட்டை கிழிந்து மேசை பிளந்தது. வெல்டர் கிளாம்பில் இடறி, தகட்டின் மேல் மலைபோல் சாய்ந்தான். கணுக்காலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது எலும்பு என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

“ஐயோ மாமா! எதயாவது இறுக்கித் தொலைச்சியா?” என்று அலறினான்.

இயக்குநர் பேயறைந்த மாதிரி நின்றார். ஆய்வாளர் அம்மா எழுந்து வந்து, கீழே கிடந்தவனையும் தகட்டில் மாட்டியிருந்த கிளாம்பையும் நிதானமாகப் பார்த்தார்.

“இது விபத்துதானே?”

“இல்ல மேடம், இது வந்து...”

“விபத்து நடந்திருக்குன்னா மெஷின் ஓடியிருக்குன்னு ஆகுது. ஓடாத மெஷின்ல விபத்து நடக்க வழியே இல்ல. அப்படித்தானே?”

இயக்குநரின் முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறியது. “ஆமா மேடம்! பயங்கரமான விபத்து மேடம்!”

வாசல் பலகையில் மரத்துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பெரிதாக ஒரு சுழியம் எழுதினார்கள். அதை எழுதும்போது இயக்குநரின் கண் கலங்கியதாகச் சொல்வார்கள். நிலையம் பிழைத்தது.

வெல்டரை மருத்துவமனைக்குத் தூக்கிப்போவதில் மட்டும் சின்னச் சிக்கல். காயம்பட்டவர் யார் என்று கேட்டார்கள். விதிப்படி அங்கே ஆள் இல்லை, இருந்தது டார்ச். டார்ச் பழுதானால் மூன்று இடங்களில் பழுதுநீக்க விலை கேட்க வேண்டும். மூன்று எலும்பு மருத்துவர்களிடம் கேட்டார்கள். மூன்றாமவர் பதில் சொல்வதற்குள் எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிவிட்டது. அன்றிலிருந்து அவன் நடந்தாலே ஒரு வளைவு எடுத்துத்தான் நடக்கிறான்.

சான்றிதழ் வழங்கும் விழாவில் இயக்குநர் நீண்ட நேரம் பேசினார்.

“இந்த நிலையத்தைக் காப்பாற்றியது நம் மூத்த மாணவர். இயந்திரம் இயங்கியதற்கு இவரே சாட்சி. இவர் படத்தை நுழைவாயிலில் மாட்டுகிறோம். அவருடைய கிளாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். ஆனால் சான்றிதழ், விபத்தின்றிப் பயிற்சி முடித்தவர்களுக்கு மட்டுமே. விதியை நாம் மதிக்கிறோம். அவரும் மதிப்பார். அவருடைய மச்சானைப் பொறுத்தவரை, அவர் இயந்திரமாகவே இருந்தவர். இயந்திரத்துக்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை.”

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கிளாம்பும் தட்டினார். இந்தத் தடவை புரிந்து தட்டினார்.

மறுநாள் பட்டறைக்குப் போனார். லேத்து நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சின்ன முதலாளி எழுந்து வந்து கைகொடுத்தார்.

“அண்ணே, நிலையத்து வாசல்ல உங்க படத்தப் பாத்தேன். பெருமையா இருக்கு. ஆனா உங்க மேல விபத்து இருக்கே.”

“மெஷினே ஓடல தம்பி. எல்லாம் தரையில போட்ட கோடு.”

“அதான்ணே பயமா இருக்கு. ஓடாத மெஷின்லயே கால உடைச்சிருக்கீங்க. ஓடுற மெஷின நம்பி எப்படி உங்க கையில குடுக்கிறது?”

கிளாம்புக்கு, அவர் நியாயமாகத்தான் கேட்கிறார் என்று பட்டது. வீட்டுக்குத் திரும்பியபோது நேராக வாசலேறிவிட்டார். வளைவும் இல்லை, நிற்பதும் இல்லை. அதைப் பார்த்தே மனைவிக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவள் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்று புருஷனுக்கு, ஒன்று மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தம்பிக்கு.

“ரெண்டு பேரும் தோப்பீங்கன்னு நான் கணக்குப் போடலியே” என்றாள்.

“மாமா எப்பவும் அப்படித்தாங்க்கா” என்றான் வெல்டர். “தனியா விழ மாட்டாரு.”

சில நாள் கழித்துக் கிளாம்பு நிலையத்துக்குப் போனார். எதற்குப் போனார் என்று அவருக்கே தெரியாது. கிளாம்பைத் திருப்பிக் கேட்கத்தான் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறக்கப் பெரிய மனிதர் ஒருவர் வர வேண்டுமாம். கடிதம் போயிருக்கிறதாம். திரும்பும்போது தன் படத்தைப் பார்த்தார். கனமான சட்டத்தை ஒரே ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். யாராவது கதவைத் திறந்தால் காற்றுக்கு ‘டக்... டக்...’ என்று ஆடியது.

தோள்பைக்குள் கைவிட்டார். பை காலி. இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் நின்றது.

அன்று சாயங்காலம் மனைவி தேடி வந்தாள். “கைய எடுங்க. வீட்டுக்குப் போலாம்.”

“விட்டா விழுந்துடும்டி.”

“விழட்டுமே. உங்க படந்தானே?”

அவர் கையை எடுக்கவில்லை. அவள் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனாள். இப்போதும் பகலெல்லாம் அவர் அங்கேதான். பயிற்சிக்கு வருகிற புதியவர்கள் அவரையும் காட்சிப்பொருள் என்று நினைத்துச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். பிறகு உள்ளே போய், பச்சைத் தார்ப்பாயின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கட்டடத்துக்குள் பிளாஸ்மா இயந்திரம் எதுவும் இதுவரை வந்ததில்லை.